ஞாயித்துக்கிழமை மலையும் பவியோட நைனாவும்

எட்டு வயசுக்குக் கீழ உள்ள பசங்களை மலையேத்தறது எங்க தொழில், இதுல ஏறறது சுளு, "இன்னும் எவ்ளோ தூரம்?"ன்ற கேள்விக்குச் சலிக்காம பதில் சொல்றதுதான் கஷ்டம். சின்னக் குழந்தையோட எங்கயாச்சும் ஏறி எறங்கியிருக்கீங்களா? அப்ப நீங்க நம்ம கட்சி. பாதி வழியில "மூச்சா வருது", முக்கா வழியில "வீட்டுக்குப் போலாம்", மேல போனப்புறம் "கீழ வர மாட்டேன்". எல்லாம் பட்டவங்கதானே நாம?

நான் மஞ்சுளா, நகரி பக்கத்து ஊரு. கோடை லீவு வந்தா ஞாயித்துக்கிழமை காலையில, நாராயணவனத்துக்குப் பின்னாடி இருக்கிற மலைக்குக் குடும்பங்களை இட்டுக்கினு போவேன். மேல கோடையிலயும் வத்தாத ஓடை ஒண்ணு இருக்குது. அதுல பசங்களை ஆட விட்டு, துன்ன வச்சு, பத்திரமா கீழ இட்டாந்து விடணும். ஜீப்பு ஓட்டறது முனிரத்தினம் அண்ணா. பாதி தமிழ்ல பேசுவாரு, பாதி தெலுங்குல திட்டுவாரு. இந்த வருஷம் வந்தவங்கள்ல ஒரு குடும்பம் என் மனசுல அப்படியே உக்காந்துக்கினு இருக்குது. அவங்க கதைதான் இது.

செருப்பில்லாத மலையேத்தம்

வந்தவாசி பக்கத்து ஆளுங்க. செல்வம் ஸ்ரீசிட்டியில ஒரு கம்பெனியில ஷிஃப்ட்டு பார்க்கறாரு. இவ்ளோ நாளா கூட வேலை செய்றவங்களோட ரூம்ல தங்கிக்கினு இருந்துட்டு, இந்தக் கோடையிலதான் சத்தியவேட்டுல வீடு பார்த்துப் பொண்டாட்டி ரேவதியையும், மூணு வயசுப் பொண்ணு பவியையும் கூட்டியாந்தாரு. முதல் ஞாயித்துக்கிழமை ரேவதி என்ன பண்ணுச்சு தெரியுமா? திருப்பதி சுத்துவட்டாரத்துல இருக்கிற மலை எல்லாமே பெருமாள் மலைதான்னு நெனைச்சு, மூணு பேர் செருப்பையும் ஜீப்புக்கடியிலயே விட்டுடுச்சு. நானும் கவனிக்கல. காலையில குளுகுளுன்னு இருந்த பாறை, எறங்கும்போது தோசைக்கல்லு. எல்லாரும் ஒரு மர நெழல்ல நின்னுட்டோம்.

செல்வம்தான் வெறுங்காலோட அந்தப் பாறையில குதிச்சுக் குதிச்சு ஓடி, செருப்பை எடுத்துக்கினு திரும்ப ஏறி வந்தாரு. வந்து பார்த்தா, பொண்டாட்டி செருப்பு இருக்குது, பொண்ணு செருப்பு இருக்குது, தன்னோடதை மறந்துட்டாரு! அடடா, என்னா மனுஷன்யான்னு எனக்கு ஆயிடுச்சு. ஆனா அவரு மண்டிபோட்டு பவி கால்ல செருப்பை மாட்டப் போனா, அது வீல்னு கத்திக்கினு என் பின்னாடி வந்து ஒளிஞ்சுக்கிச்சு. கடைசியில ரேவதிதான் மாட்டி விட்டுச்சு. கீழ வந்ததும் முனிரத்தினம் அண்ணா செல்வத்தோட பாதத்தைப் பார்த்துட்டு ரேவதிகிட்ட சொன்னாரு: "அய்யோ ராமா! தேவுடு ஏழு மலையைத்தாம்மா எடுத்துக்கினாரு. மிச்சத்துல செருப்பு போட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

சிக்னல் கெடைக்காத எடம்

அடுத்த வாரமும் வந்தாங்க. அதுக்கடுத்த வாரமும் வந்தாங்க. வாரத்துல கெடைக்கிற ஒரே லீவுல காலை நீட்டித் தூங்காம ஏன்யா இப்படி அலையறீங்கன்னு செல்வத்தைக் கேட்டேன். பவி தன்கிட்ட வரணும், அவ்ளோதான் மேடம்னாரு. குழந்தை பொறந்ததுல இருந்து அவரை முக்காவாசி வீடியோ கால்லதான் பார்த்துக்கினு இருந்துச்சாம். போன்ல முத்தம் குடுக்குமாம், பாட்டு பாடுமாம். நேர்ல வந்து நின்னா யாரோ ஆம்பளைன்னு ஓடுதாம். வீட்டுல இருந்தா உள்ரூமுக்குள்ள போய்ப் பூந்துக்குது, மலையில அப்படி ஓட முடியாதேன்னு இட்டாந்திருக்காரு. பாவம், நல்ல ரோசனைதான்.

அன்னிக்கு ஓடைக்கரையில பவி என் மடியில உக்காந்து முறுக்கு துன்னுக்கினு இருந்துச்சு. செல்வம் கொஞ்சம் தள்ளிக் குந்திக்கினு, "பவிக்கண்ணு, நைனாகிட்ட வாடா"ன்னு ரெண்டு கையையும் நீட்டினாரு. அது அவரு மூஞ்சைப் பார்த்துச்சு, சட்டைப்பையைப் பார்த்துச்சு. அப்புறம் வாயில இருந்த முறுக்கை முழுங்கிட்டு, ரொம்ப மரியாதையா சொல்லுச்சு: "நீ போன்ல வா."

அணை கட்டின இஞ்சினியர்

வேற ஆளா இருந்தா மனசு விட்டுப் போயிருக்கும். அடுத்த வாரம் வந்தப்ப செல்வம் பவியைக் கூப்பிடவே இல்ல. பேன்ட்டை மடிச்சு விட்டுக்கினு ஓடைக்குள்ள எறங்கி, கல்லு மேல கல்லு வச்சு ஒரு அணை கட்ட ஆரம்பிச்சாரு. சந்துல மண்ணு, அது மேல எலை. கம்பெனியில மிஷின் மாட்டற கை இல்லையா, தண்ணி அப்படியே தேங்கி நின்னுச்சு. ஜீப்புல வந்த பசங்க அத்தனையும் அவரைச் சுத்திக்கிச்சு. "அங்கிள், எனக்கு வேலை குடுங்க"ன்னு ஒரே ரகளை. முனிரத்தினம் அண்ணா வேற பீடியைப் போட்டுட்டு ஓடியாந்து கல்லு தூக்கினாரு.

பவி கரையில நின்னு ரொம்ப நேரம் பார்த்துக்கினு இருந்துச்சு. பொறாமை வராம இருக்குமா? ஒரு கூழாங்கல்லை எடுத்துக்கினு மெல்ல எறங்கி, அவரு முதுகுகிட்ட போய் நின்னு நீட்டுச்சு. செல்வம் திரும்பிப் பார்க்காம பின்னாடி கையை மட்டும் நீட்டி வாங்கினாரு. ஏதோ சொல்ல வாயைத் தெறந்தாரு. கரையில இருந்து ரேவதி பல்லைக் கடிச்சுக்கினு சொல்லுச்சு: "யோவ், வாயை மூடு, பேசினா ஓடிடுவா!"

கோடை மழை

ஸ்கூல் தெறக்கறதுக்கு முன்ன கடைசி ஞாயித்துக்கிழமை. எறங்கி வரும்போது திடீர்னு வானம் இருட்டிக்கினு சடசடன்னு கொட்டுச்சு. எறக்கத்துல குழந்தைங்களை யாரும் தூக்கக் கூடாது, கையைப் புடிச்சுத்தான் நடத்தணும்ன்றது என் சட்டம். ஈரப்பாறையில ஒருத்தர் வழுக்கினா ரெண்டு பேர் விழுவாங்க. அதனால அன்னிக்கும் ஒருத்தரையும் தூக்க விடல. ஒருவழியா பாறையெல்லாம் தாண்டிச் சமதரைக்கு வந்து, அப்பாடான்னு மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்து இடிச்சுது பாருங்க ஒரு இடி! பவி வெலவெலத்துப் போச்சு.

இந்தப் பக்கம் ரேவதி கையை நீட்டுச்சு. அந்தப் பக்கம் நானு. எத்தினி வாரம் முறுக்கு குடுத்திருக்கேன், என்கிட்டதான் வரும்னு எனக்கு ஒரு மெதப்பு. அது எங்க ரெண்டு பேரையும் இடிச்சுத் தள்ளிக்கினு பின்னாடி ஓடுச்சு. எல்லாருக்கும் கடைசியில, அடுத்தவங்க பை ரெண்டையும் சேர்த்துச் சுமந்துக்கினு, செல்வம் வந்துக்கினு இருந்தாரு. அவரு முட்டியைக் கட்டிப் புடிச்சுக்கினு, "நைனா, தூக்கு"ன்னுச்சு.

பை ரெண்டும் சேத்துல விழுந்துச்சு. ஆனா மனுஷன் தூக்கல. அப்படியே நிக்கிறாரு. ரெண்டு கையும் குழந்தை தலைக்கு மேல அந்தரத்துல நிக்குது. சூப்பர்வைசரைப் பார்க்கற மாதிரி என்னைப் பார்த்துக் கேட்டாரு: "மேடம், தூக்கக் கூடாதுன்னீங்களே... தூக்கிக்கட்டுமா?"

எங்க தொழில்ல கோடை மழையைத் திட்டாதவங்க இல்ல, ஆனா கண்ணு கலங்கினது கஸ்டமருக்குத் தெரியாம மறைக்க அதை வுட்டா வேற வசதி கெடையாதுங்க.