'அய்' கவீ

எங்கள் துறைமுகத்தில் பாதிப் பேர் கவீ குடும்பம். ஆளுக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டுமே என்று பட்டப்பெயர் வைப்போம். செத்த பிறகு கல்லறைக் கல்லிலும் அது ஏறிவிடும். டூகல் கவீக்கு வாய்த்தது 'அய்'.

எங்கள் ஸ்காட்லாந்தில் 'ஆமாம்' என்பதற்குச் சொல்லும் சொல் அது. மற்றவர்கள் கொஞ்சமாவது யோசித்துச் சொல்வோம். இவனுக்கு அது இருமல் மாதிரி. மழை வருமா என்றாலும் அய், வராதா என்றாலும் அய். இந்த வழவழா ஆசாமியைத்தான், வம்புதும்பு இல்லாதவன் என்று துறைமுகக் கமிட்டிக்கு அனுப்பினோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவனுடைய அண்ணி எல்ஸ்பெத், புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, துறைமுக ஓரக் கொட்டகையில் ஹேடக் மீனைப் புகைபோட்டு விற்றுப் பிழைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் கொழுந்தனுக்கு ஒரு ஜோடி மீன் இனாம். உல்லாசப் படகுகள் நிறுத்த இடம் வேண்டும், கொட்டகையை இடிக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது.

"எனக்குன்னு இருக்கறது இந்தக் கொட்டாய் ஒண்ணுதான் டூகல். இடிக்கக் கூடாதுன்னு சொல்லுவியா?"

"அய், அண்ணி."

கூட்டத்தன்று நானும் சுவரோரம் நின்றிருந்தேன். எங்கள் கமிட்டியில் கை தூக்கும் வழக்கமில்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இடிக்கலாம் என்பவர் 'அய்', கூடாது என்பவர் 'நோ'. மூன்று பேர் அய், மூன்று பேர் நோ. பாக்கி இவன் ஒருவன். தலைவர் இவனைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"அய்," என்றான்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏண்டா, சொந்த அண்ணி சோத்துல மண்ணப் போட்டுட்டியே, வெக்கமா இல்ல?"

"அவரு என்னையே பாத்தாருய்யா. நான் என்ன பண்றது?"

முதுகெலும்பில்லாத ஜென்மம்.

இதில் கூத்து என்னவென்றால், அந்த வெள்ளிக்கிழமையும் கொட்டகை ஜன்னலில் போய் நின்றான்.

"அண்ணி, எனக்கு மீன் எடுத்து வெச்சிருக்கீங்களா?"

எல்ஸ்பெத் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அய்," என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள். சாமான்களை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள். பின்வாசலில் நின்ற வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மழை பிடித்தது. நான் அந்தப் பக்கம் போனபோது, தொப்பலாக நனைந்தபடி அதே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ அப்பவே போயாச்சுடா."

"இருக்குன்னு சொன்னாங்களே!"

"நீயுந்தான் சொன்னே."