பஸ் ஏறும் பூனைக்கு ஒரு தயாரிப்பாளர்

குழந்தைகள் புத்தகக் கடை வைத்தவனுக்கு ஒரு வியாதி நிச்சயம்: எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் அது படமாகக் கண்முன்னால் ஓட ஆரம்பித்துவிடும். இதே தொழிலில் கிடந்து அல்லாடும் சக நோயாளிகளே, உங்களுக்கும் அப்படித்தானே? எனக்கு வீடு ஸ்ரீரங்கத்தில், கடை திருச்சி புத்தூரில், ஆஸ்பத்திரிகளுக்கு நடுவே. வியாதி முற்றிய கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

படம் வந்திருச்சா?

பக்கத்து மெடிக்கலில் மருந்து வாங்கிய கையோடு ஓர் அம்மா கடைக்குள் வந்தார். கூடவே இரண்டாம் கிளாஸ் படிக்கிற மகள் யாழினி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் மனைவி கோமதி எழுதிய 'பஸ் ஏறும் பூனை'யை எடுத்து நீட்டி, கதையையும் அவிழ்த்துவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் ஆசாரமான ஒரு வீட்டுப் பூனை. வீட்டில் எந்நேரமும் தயிர்சாதம். பாவம், அது என்ன செய்யும்? தினமும் டவுன் பஸ் ஏறி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, காவிரிப் பாலம் தாண்டி மீன் மார்க்கெட்டில் இறங்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி, ஒன்றும் அறியாத மாதிரி தயிர்சாதத்துக்கு முன்னால் வந்து உட்காரும். யாழினி வாயைப் பிளந்தபடி கேட்டாள். அம்மாவோ புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது படமா வந்திருச்சாங்க? வரலையா? அப்ப வந்ததும் சொல்லுங்க, வந்து புக்கு வாங்கிக்கிறேன்."

நத்தையின் ரசிகர்

தொட்டியத்திலிருந்து வாழை விவசாயி ஒருவர் வந்தார். மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்ட மகனை எதிர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். அவனுக்காக, தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பும் ஒரு நத்தையின் கதையை வாங்கிப்போனார். மகன் தூங்கிவிட்டான், அப்பா படித்துவிட்டார். மறுநாள் காலையில் டீக்கடைக்குக்கூடப் போகாமல் நேரே என்னிடம் வந்து நின்றார்.

"கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்துருச்சுங்க," என்றார், சொந்தக்காரர் வீட்டுச் சேதி மாதிரி. இதைப் படமாக எடுத்தால் எப்படி இருக்கும் என்று நான் என் பாட்டை ஆரம்பித்தேன். வசனமே வேண்டாம், மழையும் இலையும் போதும் என்றேன். மனுஷன் நிஜமாகவே யோசித்தார்.

"எடுக்கட்டுங்க, ஆனா இன்டர்வெல் விடக் கூடாது. பாதி வழியில அதை விட்டுட்டு எவன் போய் டீ குடிப்பான்?"

மியாவ்

இம்தியாஸ் பெரிய கடைவீதிப் பையன். சென்னையில் சின்னதாக ஒரு படம் எடுத்துப் பெயர் வாங்கியிருந்தார். அக்கா குழந்தைக்குப் புத்தகம் வாங்க வந்த இடத்தில் என் வலையில் விழுந்தார். பூனையை நின்ற இடத்திலேயே படித்து முடித்து, "அண்ணே, இன்ஷா அல்லாஹ் இதை எடுக்கிறோம்," என்றார். அடுத்த வாரமே தயாரிப்பாளரைத் திருச்சிக்கு அழைத்து வந்துவிட்டார்.

சினிமாவில் யாரும் புத்தகத்தைப் படிக்க மாட்டார்களாம். வாயால் சொல்ல வேண்டுமாம். கோமதி பள்ளிக்கூட டீச்சர், அன்று பரீட்சை டூட்டி. அதனால் ஹோட்டல் ரூமுக்கு நான் போனேன். எனக்குக் கதை சொல்லத் தெரிந்த விதம் ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமைகளில் கடையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்வேன். பூனை பஸ் ஏறும்போதெல்லாம் எல்லோரும் 'மியாவ்' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பக்கத்தைத் திருப்ப மாட்டேன். பழக்கதோஷம், அங்கேயும் பூனை பஸ் ஏறியதும் நிறுத்திவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்தேன். ஏ.சி. மட்டும் உர்ரென்றது. இம்தியாஸ் மெல்ல 'மியாவ்' என்றார். மேனேஜர் ஒருவர் 'மியாவ்' என்றார். கடைசியில் தயாரிப்பாளரும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். எனக்கு மானம் போய்விட்டது.

கடைசிப் பக்கத்தில் பூனை ஒருநாள் போய்விட்டுத் திரும்பி வராது. கண்டக்டர் அந்த ஜன்னல் சீட்டில் கொஞ்ச நாள் யாரையும் உட்கார விட மாட்டார். பிறகு ஒரு பாட்டியம்மா கேட்க, "உட்காருங்கம்மா," என்பார். அவ்வளவுதான் கதை. தயாரிப்பாளர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்.

"எல்லாம் ஓகே சார். ஆனா முதல் ஷாட்லயே பூனை குறுக்க போனா படம் விளங்குமா? நாயா மாத்திடுங்க, கிளைமாக்ஸ்ல அது திரும்பி வந்துடட்டும்."

கோமதியின் தீர்ப்பு

வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னேன். எங்கள் மகள் வேலைக்காக வெளிநாடு போன வருஷம் கோமதி எழுதிய கதை அது. வழியனுப்பிவிட்டு டவுன் பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டு காலியாகவே இருந்தது. அதில் யாரையும் உட்காரவிட அவளுக்கு மனசு வரவில்லை. அந்தக் கடைசிப் பக்கம் அங்கே பிறந்தது. எனக்கோ இரண்டு ஆசை. படமும் வேண்டும், அந்தப் பக்கமும் போகக் கூடாது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கேரியரைக் கழுவி வைத்துவிட்டு நிதானமாக வந்து உட்கார்ந்தாள்.

"நாயெல்லாம் திருட்டுத்தனமா மீன் தின்னாதுங்க, வாலை ஆட்டிக் காட்டிக்கொடுத்துடும். அப்புறம், போனது போனதுதான். அதைக் கட்டி இழுத்துட்டு வந்தா அது என் பூனையே இல்ல, படமும் வேண்டாம்."

சம்பத் மாமாவின் கவலை

சேதி தெருவெல்லாம் பரவிவிட்டது. எதிர்வீட்டு சம்பத் மாமா வாசலில் என்னை மடக்கினார். அவர் வீட்டுப் பூனை வெள்ளையும் சாம்பலும். கதையில் வருகிற பூனையும் அதே நிறம். போச்சுடா, மீன் விஷயத்துக்குச் சண்டைதான் என்று நினைத்து, இது முழுக்கக் கற்பனை மாமா என்று குழைந்தேன்.

"கற்பனையாவது மண்ணாவது! அது நம்மாத்துப் பூனைதான். எல்லாம் பெருமாள் சங்கல்பம்," என்றார். பிறகு யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"அதிருக்கட்டும் ஓய், என் வேஷத்தை யார் பண்றா? நெத்தியில திருமண் நேரா இட்டுக்கத் தெரிஞ்சவனாப் பார்த்துப் போடச் சொல்லும்."

சனிக்கிழமை

கோமதியின் தீர்ப்பைப் போனில் சொன்னேன். படம் அம்போ என்றுதான் நினைத்தேன். இம்தியாஸ் விடவில்லை. சனிக்கிழமை கதை நேரத்துக்குத் தயாரிப்பாளரைக் கடைக்கே இழுத்து வந்தார். தரையில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கதை கேட்பது இலவசம் என்பதால் யாழினியும் வந்திருந்தாள். கோமதி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கிளம்பிய மியாவில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தயாரிப்பாளர் இந்தத் தடவை யாரும் சொல்லாமலே மியாவ் போட்டார்.

கடைசிப் பக்கம் வந்தது. பஸ் வந்தது, பூனை வரவில்லை. பிள்ளைகள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தயாரிப்பாளருக்குத்தான் தாங்கவில்லை. "ஏம்மா, பூனை திரும்பி வந்துட்டா நல்லா இருக்கும்ல?" என்று யாழினியிடம் கேட்டார்.

"எதுக்கு மாமா? அது வேற பஸ் ஏறியிருக்கும். எல்லா ஊர்லயும்தான் மீன் இருக்கே," என்றாள் அவள்.

கோமதி சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தாள். மகள் போனதிலிருந்து அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. தயாரிப்பாளர் எங்கள் இருவரையும் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு இம்தியாஸின் தோளைத் தட்டினார்.

"கடைசிப் பக்கத்துல யாரும் கை வைக்காதீங்க. சகுனத்தை நான் பார்த்துக்கறேன், பூஜை அன்னிக்குப் பூனையையே முதல் ஆளா உள்ள விடுங்க!"

மறுபடியும் அந்த அம்மா

பூஜை நல்லபடியாக முடிந்தது. மீன் வாசனை பட்ட இடத்திலெல்லாம் பூனை பிரமாதமாக நடிப்பதாக இம்தியாஸ் போன் செய்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரம் பார்த்து யாழினியின் அம்மா கடைக்கு வந்தார். விடுவேனா? புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்து, "நீங்க கேட்டீங்களே, படம் வருதுங்க!" என்றேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாகப் புத்தகத்தைப் பத்திரமாக அலமாரியில் திருப்பி வைத்தார்.

"ரொம்ப சந்தோஷங்க! அதான் படமே வருதே, இனிமே எதுக்குங்க புக்கு?"

அவருக்குப் பின்னால் யாழினி சத்தமில்லாமல் அதே புத்தகத்தை மறுபடி உருவிக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து 'மியாவ்' என்றாள். படமாக வேண்டிய புத்தகங்கள் இன்னும் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன என்றாலும், என் கடையில் அவை எல்லாமே ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, வசூல்தான் கொஞ்சம் சுமார்.