பல நாட்டு விமானமும் ஒரு மின்விசிறியும்

திருவனந்தபுரத்தில் ஒரு வெளிநாட்டுப் போர் விமானம் பழுதாகி மழையில் நின்றிருந்த நாட்கள் அவை. பாறசாலைக்குப் பக்கத்தில் அப்பாவின் பழைய கிறிஸ்தவ சபைக் கோயிலில் ஒரு கல்யாணம். நான் சீக்கிரமே போய்விட்டேன். கோயிலைக் கவனித்துக்கொள்கிறவர் மட்டும் இருந்தார். ஒல்லியான உடம்பு, மடித்துக் கட்டிய வேட்டி. பெஞ்சு, மேசை எதைத் துடைத்தாலும், அன்பளித்தவரின் பெயர் எழுதிய இடத்தை இன்னொரு தடவை அழுத்தித் துடைப்பார்.

"அந்த விமானத்தை நம்ம ஊர் மெக்கானிக் யாராவது பார்க்கக் கூடாதா?" என்றேன், வியர்வையைத் துடைத்தபடி.

அவர் பதறிவிட்டார். "தொடப்பிடாது சாரே! பல ராஜ்ஜியம் சேந்து உண்டாக்கினதாக்கும். சிறகு ஒருத்தன் குடுத்தது, சீட்டு வேறொருத்தன் குடுத்தது. கேடானதைக் குடுத்தவன்தான் வந்து நன்னாக்கணும். நாம கை வச்சா அவனுக்குக் கொறச்சல்லா?"

"அதுவரைக்கும் மழையில் கிடக்கட்டுமா?"

"கெடக்கட்டும். மரியாதைன்னு ஒண்ணு உண்டு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல் மேலே கை காட்டினார். என் தலைக்கு நேர் மேலே ஒரு மின்விசிறி அசையாமல் தொங்கியது. அதன் இறக்கையில் அப்பாவின் பெயர் பளபளத்தது.

"மூணு வருசமா ஓடல்ல. ஒருத்தரும் தொடல்ல. அப்பா இல்லேங்கிலும் மகன் வருவாருன்னு இருந்தோம்."

கல்யாணம் முடியும்வரை அதன் கீழேயே உட்கார்ந்து வியர்த்தேன். அடுத்த வாரமே எலக்ட்ரீஷியனை அனுப்பினேன்.

விமானம் பறந்துபோன அன்று அவரே போனில் கூப்பிட்டார். "சாரே, குடுத்தவங்க ஆளு அனுப்பி நன்னாக்கியாச்சு. மூணு வருசமொண்ணும் எடுக்கல்ல."

மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார்.