எந்த நிறுத்து?

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு 'ரெட்டை பிரேக் அக்கா' என்று பெயர். யார் வைத்தது என்று தெரியவில்லை, ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது. பயிற்சி வண்டிகளில் சொல்லித்தருபவர் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். மற்றவர்கள் அதை ஆபத்துக்கு மட்டும் மிதிப்பார்கள். அவளோ காலை அதிலிருந்து எடுப்பதே இல்லை. காரணம், குரல். ஆள் நல்ல வாட்டசாட்டம். குரல் மட்டும் பக்கத்து அறையில் யாரோ ரகசியம் பேசுவதைப் போல வரும். அவள் "நிறுத்துங்க" என்று சொல்லி, அது ஓட்டுபவரின் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி ஒரு தபால் பெட்டியையோ, தேமே என்று நின்றிருக்கும் ஒரு மனிதரையோ நோக்கிப் பாதி தூரம் போயிருக்கும்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்து மிதித்து அவளுடைய முழங்கால் வீங்கியது. பிரேக் கட்டைகளும் தேய்ந்தன. "உங்க வண்டிக்கு மட்டும் ஏம்மா இப்படித் தேயுது?" என்றார் முதலாளி. "நீங்க ஓட்டச் சொல்லித்தரீங்களா, நிக்கச் சொல்லித்தரீங்களா?"

அவள் கணவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும், "கொஞ்சம் படுத்துப் பாரு, சரியாப் போயிடும்" என்பார். வீட்டில் மூன்றாவது ஆள் அவளுடைய கொழுந்தன். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. தினமும் காலையில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தொண்டையிலிருந்து ஒரு கரகரப்பை எழுப்புவான். சளிதான் என்று நினைத்து அவள் பல நாள் வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது: அது கிளிங்கான் மொழி. விண்வெளிப் படங்களில் நெற்றி புடைத்த போர்வீரர்கள் பேசுவதற்கென்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து உருவாக்கிய மொழி. கொழுந்தன் அதைப் பாடம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தான்.

"இதைப் படிச்சு யார்கிட்ட பேசப்போறே தம்பி?"

"எங்க சங்கத்துல நாலு பேர் இருக்கோம் அண்ணி."

"மத்த மூணு பேருக்கும் சளியா?"

அவன் சிரிக்கவில்லை. அந்த மொழி விஷயத்தில் மட்டும் அவனுக்குச் சிரிப்பு வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சங்கத்தின் சின்னம் பொறித்த அவனுடைய பனியன் குவியலில் இருந்தது. அச்சு, சூடு பட்டால் உருகிவிடும் ரகம். இஸ்திரிப் பெட்டி அதன்மேல் இறங்கப்போகும் நேரத்தில் வாசலிலிருந்து ஒரு சத்தம்: "யிமெவ்!"

அவளுடைய கை அந்தரத்தில் நின்றது. ஏன் நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. அர்த்தம் தெரியாது, கேட்டதும் கிடையாது. ஆனால் உடம்பில் எங்கேயோ ஒரு பிரேக்கை யாரோ மிதித்துவிட்டார்கள். உள்ளே படுத்திருந்த கணவர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தம்பி சொன்னே?"

"மன்னிச்சுக்கங்க அண்ணி, அவசரத்துல வந்துடுச்சு. நிறுத்துன்னு அர்த்தம். 'மெவ்'னா நிறுத்தறது. முன்னாடி 'யி' போட்டா கட்டளை."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "எங்கே, இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

அந்த வாரம் முழுக்கக் குளியலறையில் இரண்டு பேர் முறை வைத்துக் கரகரத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தமிழில் வெளியே வராத அவளுடைய குரல் அந்த மொழியில் ஜம்மென்று வந்தது. அடிவயிற்றிலிருந்து எடுத்துத் துப்பவேண்டிய மொழி அது. கூச்சத்தோடு மெதுவாகச் சொல்ல அதில் வழியே இல்லை.

முதலில் மாட்டியது ஒரு தையற்காரம்மா. தைத்த துணிகளைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று ஐம்பது வயதில் ஓட்டக் கற்க வந்தவர். வாழ்நாளெல்லாம் தையல் மிஷினை மிதித்த கால். பயம் வந்தால் இன்னும் வேகமாக மிதிக்கும். ரவுண்டானாவில் ஒரு பால் வண்டி குறுக்கே வந்தபோது, வழக்கம்போல அந்தக் கால் மிதிக்கத் தொடங்கியது.

"யிமெவ்!"

வண்டி ஆணி அடித்தாற்போல நின்றது. பால்காரரும் நின்றார். நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணி பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.

"இது என்னக்கா, புது வார்த்தையா?" என்றார் தையற்காரம்மா மூச்சு வாங்கிக்கொண்டே. அவளைவிட மூத்தவர்தான், ஆனாலும் பள்ளியில் எல்லோரும் கூப்பிடுவதுபோல அவரும் அக்கா என்றே கூப்பிட்டார்.

"ஆமா, தொழில்ல சொல்றது" என்று அவள் பட்டும் படாமல் சொல்லிவைத்தாள்.

செய்தி பரவியது. அவளிடம்தான் கற்பேன் என்று ஆட்கள் அடம்பிடித்தார்கள். பிரேக் கட்டை தேய்வது நின்றதும் முதலாளி வாயெல்லாம் பல்லாக, பெயர்ப்பலகையில் 'நவீன ஒலி முறைப் பயிற்சி' என்று ஒரு வரி சேர்த்தார். முழங்கால் வீக்கம் வடிந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொழுந்தன் ஒருநாள் பின்சீட்டில் லிஃப்ட் கேட்டு ஏறும்வரை.

சிவப்பு விளக்கு விழுந்தது. அவள் "யிமெவ்!" என்றாள். வண்டி நின்றது. பின்சீட்டிலிருந்து, தேள் கொட்டியவனைப்போல ஒரு முனகல்.

"அண்ணி! சிக்னல்ல அதைச் சொல்லக்கூடாது!"

"ஏன்? நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு. ஆனா 'மெவ்'னா செய்யற வேலையையே முடிச்சுக்கறது. அதோட சரி. சிக்னல்ல நாம முடிக்கலையே, பச்சை விழுந்தா போகப்போறோம். அப்படிக் கொஞ்ச நேரம் நிக்கறதுக்கு 'யெவ்'. இன்னொண்ணும் இருக்கு, 'புப்'. இனிமே வேணவே வேணாம்னு கைவிட்டுடறது. வேலையை விட்டுட்டேன்னு சொல்றோமே, அந்த மாதிரி. மூணும் வேற வேற."

"மூணுக்கும் தமிழ்ல நிறுத்துன்னே சொல்லலாமே தம்பி?"

"அதுக்குத்தான் நான் தமிழ்ல வண்டி ஓட்டறதில்லை" என்றான். அவன் எந்த மொழியிலும் வண்டி ஓட்டியதில்லை என்பது வேறு விஷயம்.

அவள் அதைச் சிரித்துத் தள்ளியிருப்பாள். ஓட்டிக்கொண்டிருந்த தையற்காரம்மாதான் விடவில்லை. "தம்பி சொல்றது நியாயம்க்கா. தையல் பிரிஞ்சது வேற, துணி கிழிஞ்சது வேற, இழை நைஞ்சது வேற. எல்லாத்தையும் கிழிசல்னு கொண்டாந்து போடறாங்களே, எனக்கு எவ்வளவு எரிச்சல் வரும் தெரியுமா?" இதற்குள் பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது.

அன்றிலிருந்து மூன்று வார்த்தையும் பாடத்தில் சேர்ந்தன. சிக்னலுக்கு 'யியெவ்'. போய்ச் சேர்ந்ததும் 'யிமெவ்'. 'யிபுப்' என்பது, ஒருவருக்குக் கைகால் வெலவெலத்து இனி ஆகாது என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இறங்கிவிடுவதற்கு. அதைச் சொல்ல இதுவரை தேவை வரவில்லை. ஆனால் மாணவர்கள் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பல் டாக்டர் ரயில்வே கேட்டில் நின்று, ரயில் வர நேரமானால் யெவ் எப்போது மெவ் ஆகிறது என்று கேட்டார். ஒரு கல்லூரி மாணவி நடுரோட்டில் வண்டி அணைந்துபோனதும், இதில் நிறுத்தியது நானா வண்டியா என்று கேட்டுவிட்டுக் கிளப்பாமலே உட்கார்ந்திருந்தாள். கொழுந்தனுக்கு ஒரே பெருமை. "அண்ணி, இவ்வளவு பேர் இதைத் தினசரி வாழ்க்கையில பேசற இடம் உலகத்துலயே உங்க வண்டிதான்னு நினைக்கறேன்" என்றான்.

தையற்காரம்மாவுக்கு ஓட்டுநர் தேர்வு வந்தது. மைதானத்தில் கூம்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தேர்வு அதிகாரி ஒருமுறை முன்சீட்டில் உட்கார்ந்து மூக்கு உடைந்தவர், அதனால் பின்சீட்டில்தான் உட்காருவார். ரெட்டை பிரேக் அக்கா ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தையற்காரம்மா ஒரு கூம்பைக்கூடத் தொடாமல், ஊசியில் நூல் கோத்தாற்போல வளைந்து வளைந்து வந்தார். அதிகாரி முகத்தில் திருப்தி தெரிந்தது.

"போதும்மா. நிறுத்துங்க" என்றார்.

"எந்த நிறுத்துங்க சார்?"

"என்னது?"

"நிறுத்திட்டு மறுபடி போகணுமா, முடிச்சுக்கணுமா, இல்லே வேணாம்னு விட்டுடணுமா?"

"நிறுத்தும்மான்னா நிறுத்தும்மா!"

"அதான் சார், எதுன்னு சொல்லுங்க, செய்யறேன்!"

வண்டி இரண்டாவது சுற்றைத் தொடங்கியது. தையற்காரம்மாவுக்குப் பதற்றம் ஏற ஏறக் கால் மிஷினை மிதித்தது. அதிகாரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "யாராவது இந்த அம்மாவை நிறுத்துங்க!" என்று கத்தினார். உள்ளேயிருந்து தையற்காரம்மாவின் குரலும் வந்தது: "இவரு எதுன்னு சொல்லமாட்டேங்கறாருக்கா!"

அவள் எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் ஓடினாள். யெவ்வா, மெவ்வா? தேர்வு முடிந்துவிட்டது, ஆகவே மெவ். ஆனால் அதிகாரியின் முகத்தைப் பார்த்தால், முதலிலிருந்து வைப்பார்போல இருக்கிறது, அப்படியானால் யெவ். ஒரு சுற்று முழுக்க அவள் இந்த யோசனையிலேயே ஓடினாள். மூச்சு முட்டியது. வாயில் வந்தது மூன்றாவது வார்த்தை.

"யிபுப்!"

தையற்காரம்மா சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தார். ஸ்டியரிங்கை விட்டார், காலை எடுத்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டார், கதவைத் திறந்து இறங்க ஒரு காலை வெளியே நீட்டினார். வண்டி தன் இஷ்டத்துக்கு உருண்டு, மைதான மூலையில் கிடந்த பழைய டயர்க் குவியலில் மெத்தென்று முட்டி நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதிகாரி இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தாளில் எதையோ எழுதினார்.

"தேர்ச்சி இல்லை" என்றார் கடைசியில்.

"இது யெவ்வா, புப்பா சார்?" என்றார் தையற்காரம்மா.

அதிகாரிக்கு அர்த்தம் சொல்ல அரைமணி நேரம் பிடித்தது. கேட்டுவிட்டு அவர் கோபப்படவில்லை, அதுதான் ஆச்சரியம். "இத்தனை வருஷமா நிறுத்துங்க நிறுத்துங்கன்னு சொல்றேன். எதைச் சொன்னேன்னு எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு" என்று முணுமுணுத்தவர், "அடுத்த மாசம் வாங்க. யெவ்" என்றார்.

முதலாளி குதித்தார். பலகையில் அந்த வரியைச் சுண்ணாம்பால் அழித்தார். வண்டிக்குள் இனி தமிழைத் தவிர எதுவும் கூடாது என்றார். அவள் கீழ்ப்படிந்தாள். பதினைந்தே நாளில் பிரேக் கட்டை தேய்ந்து, முழங்கால் மறுபடி வீங்கியது. முதலாளி தலையைச் சொறிந்துகொண்டே வந்து, "அம்மா, அந்த மொழி பேசுங்க, பரவாயில்லை. மூணாவது வார்த்தை மட்டும் வேணாம்" என்றார்.

அடுத்த மாதம் தையற்காரம்மா வண்டியில் ஏறியதும் அதிகாரி பின்சீட்டிலிருந்து தெளிவாகச் சொன்னார்: "நான் கூம்புகிட்ட சொன்னா யெவ். கோடு தாண்டிச் சொன்னா மெவ். சரியா?" தையற்காரம்மா பிசகில்லாமல் தேறினார். ஆனால் அதிகாரிக்கு அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. மற்ற பள்ளிகளிலிருந்து வந்தவர்களிடமும் அப்படியே சொல்ல, அவர்கள் திருதிருவென்று விழித்துத் தோற்றார்கள். வேறு வழியில்லாமல் அந்தப் பள்ளிக்காரர்களும் அவளிடம் வந்து மூன்று வார்த்தையையும் கற்றுக்கொண்டு போனார்கள். மூன்றாவதைச் சொல்லித்தரமாட்டேன் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அதைக் கேட்டுத்தான் அவர்கள் நச்சரித்தார்கள். சில மாதங்களில் பஸ் டிரைவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் வரைக்கும் போய்விட்டது.

ஒருநாள் மாலை கொழுந்தன் சட்டையெல்லாம் புழுதியாக வீட்டுக்குள் வந்தான். முழங்கை சிராய்ந்திருந்தது. அவள் பதறிப்போய், "என்ன தம்பி ஆச்சு?" என்றாள்.

"போனைப் பாத்துக்கிட்டே ரோட்டைத் தாண்டினேன் அண்ணி. ஒரு லாரி முட்ட வந்துடுச்சு, விழுந்துட்டேன். பிரேக் போட்டு, தலையை வெளிய நீட்டி அந்த டிரைவர் என்னைப் பாத்துக் கத்தினார்."

"என்னன்னு?"

"யிபுப்." முழங்கையைத் துடைக்கக்கூட மறந்து அவன் சொன்னான். "நாலு பேர் சங்கத்துல பத்து வருஷம் பேசியிருக்கேன். இவ்வளவு சுத்தமான உச்சரிப்பை நான் கேட்டதே இல்லை அண்ணி. வார்த்தையும் சரியான வார்த்தை. யோசிச்சுப் பாருங்க, அங்க மெவ் பொருந்தாது."

"உயிரை விட்டுத்தொலைன்னு திட்டியிருக்காருடா!"

"ஆமா" என்றான் அவன், கண் கலங்க. மெத்தையிலிருந்து அவன் அண்ணன் எழுந்து வந்து முழங்கையைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் படுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் மருந்து எடுக்கப் போனாள். அவன் படுக்கவில்லை. சங்கத்தின் மற்ற மூன்று பேருக்கும் போன் போட்டு, ஒவ்வொருவரிடமும் அந்த லாரி டிரைவரைப்போலவே சொல்லிக்காட்ட முயன்றுகொண்டிருந்தான். அவ்வளவு நன்றாக வரவில்லை.