நான் பிடித்திருந்த நூல்

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் எண்டோஸ்கோபி அறையில் நர்ஸாக இருக்கிறேன். போன தை மாதம் அவர் அங்கே வந்து படுத்தார்.

இருபது வருஷத்துக்கு முன்னால் பூதலூரிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே ரயிலில் தஞ்சாவூருக்குப் படிக்கப் போனோம். அவர் வீட்டு வயலில் என் அம்மா நடவு நட்டவர். அந்த வீட்டில் அம்மாவை "வாங்க" என்று கூப்பிட்டது அவர் ஒருவர்தான். ரயிலில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பார். அதற்கு மேல் அவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் கல்யாணமாகிக் குத்தாலம் பக்கம் போய்விட்டார். எனக்கும் கல்யாணமாயிற்று.

"பல்செட் ஏதாவது இருக்கா?" என்று எல்லோரிடமும் கேட்பதைத்தான் அவரிடமும் கேட்டேன். மாஸ்க் போட்டிருந்தேன். அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். 

"நீங்க பூதலூர்தானே? குரல் தெரியுது."

"ஆமாங்க."

"அப்ப சரி," என்றார். கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து ஏறிவிட்டது.

இரைப்பையில் ஆரம்ப நிலைப் புற்றுநோய்க் கட்டி. வயிற்றைத் திறக்காமல், வாய் வழியே குழாயை விட்டு உரித்தெடுக்க வேண்டும். பாதி அறுத்த கட்டி கத்தியின் மேலேயே கவிழ்ந்துகொண்டால் அடியிலிருக்கும் ரத்தக்குழாய் தெரியாது. அதனால் சின்னக் கிளிப் ஒன்றில் நூல் கட்டி, அதைக் கட்டியின் ஓரத்தில் மாட்டி, மறுமுனையை வாய்க்கு வெளியே கொண்டுவருவார்கள். அந்த முனையை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அன்று நான் பிடித்தேன்.

"லேசா இழுங்க சிஸ்டர்," என்றார் டாக்டர். "போதும். அப்படியே வச்சிருங்க."

திரையில் ஓரம் மேலே எழும்பி, அடிப்பகுதி தெளிவாகத் தெரிந்தது. கூடுதலாக இழுத்தால் கிளிப் பிய்த்துக்கொள்ளும். அவர் மூச்சுக்கு மூச்சு நூல் என் விரலில் அசைந்தது. அவரை நான் ஒருநாளும் தொட்டதில்லை. இரண்டு மணி நேரத்தில் கை மரத்துப்போயிற்று. "வேற யாரையாவது மாத்தி விடவா?" என்று டாக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

வெளியே அவர் மனைவி காத்திருந்தார்.

"முழுசா எடுத்துட்டாங்களா சிஸ்டர்?"

"எடுத்தாச்சும்மா. பயப்படாதீங்க."

அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பெண்மேல் எனக்குப் பொறாமை வரவில்லை, பாவமாக இருந்தது. கட்டியின் ஓரங்களில் நோய் இல்லை என்று பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது.

ஆடியில், ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சமயம், மறுசோதனைக்கு வந்தார். உள்ளே வெளுத்த தழும்பு மட்டும் இருந்தது. கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"தவறிப்போய் மூணு வருஷமாகுதுங்க."

"எனக்கு யாரும் சொல்லலையே," என்றார். மனைவி கூப்பிட்டதும் போய்விட்டார்.

இனி அடுத்த வருஷம் வந்தால் போதும் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். அவர் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். ஒரு வருஷம் ரொம்பத் தூரம் என்றும் நினைத்தேன்.