அவுரி வராத மாதம்

எனக்குப் பேய்க்கோ பாம்புக்கோ இடிக்கோ பயம் கிடையாது. வெயிலுக்குத்தான் பயம். சுடும் என்பதற்காக அல்ல. வெயிலில் நின்றால் தலைமுடியின் உண்மையான நிறம் தெரிந்துவிடும், அதற்காக. பதினோரு வருஷம் நிழல் பார்த்து நின்றே காலம் தள்ளினேன். கோயிலுக்குப் போனால்கூடத் தூண் ஓரமாகவே நடப்பேன். கேட்டால் தலைவலி என்பேன். இப்படிப் பொய் சொல்லிக்கொண்டே இருந்தால் தலைவலி வராமல் எங்கே போகும்? நிஜமாகவே வந்தது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தின்போது எனக்கு வயது இருபத்து மூன்று. இருபது என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கென்று ஜாதகமே புதிதாக எழுதினார்கள். மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டு. பெண் ஒரு வயது மூத்தவள் என்று தெரிந்திருந்தால் என் மாமியார் வாசலோடு திரும்பியிருப்பார். பொய் சொன்னது என் அப்பா. அதைக் காப்பாற்ற வேண்டிய வேலை மட்டும் எனக்கு. நல்ல சீர்வரிசை!

அந்தப் பொய் வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் பிள்ளையார்பாளையம் தெருவிலேயே மூன்று வீடு தள்ளி ஒருத்தி இருந்தாள். அவளும் வயதைக் குறைத்துச் சொல்லிக் கட்டிக் கொடுக்கப்பட்டவள். இரண்டு குழந்தை பிறந்த பிறகு யாரோ உளறிவிட்டார்கள். மாமியார் வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவளை மட்டும் தாமலுக்கு, அம்மா வீட்டுக்கு, பஸ் ஏற்றினார்கள். பஸ் வரும்வரை தகரப் பெட்டியின் கொக்கியை நீக்குவதும் போடுவதுமாக நின்றாள். நான் தண்ணீர்க் குடத்தோடு எதிரில் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் என்னையும் கூடவே ஏற்றிவிடுவார்கள் என்று பயம்.

எனக்கு முதல் நரை முப்பதில் வந்தது. வீட்டுக்காரர் கணக்கில் அப்போது எனக்கு இருபத்தேழு. ஒன்றிரண்டாக இருந்தபோது பிடுங்கிப் போட்டேன். ஆறு மாதத்தில் காதோரமும் வகிடும் வெளுத்துவிட்டன. இருபத்தேழு வயசுப் பெண்ணுக்கு இவ்வளவு நரையா என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும், பேச்சு என் வயதில்தான் போய் முடியும்.

அதிலும் நான் வாழ்க்கைப்பட்டது சாயக்காரருக்கு. பட்டு நூலைக் கொதிக்கும் செப்புக் கொப்பரையில் முக்கி நிறம் ஏற்றுவது அவர் வேலை. தெருவில் யாருக்கு நிறத்தில் சந்தேகம் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். ஒரு தடவை பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அம்மாள் அரக்குப் பட்டு உடுத்தியிருந்தாள். இவர் போகிறபோக்கில் பார்த்துவிட்டு, அடியில் பச்சை இருக்கிறது, சாயம் போனதற்கு மேலே அரக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று. எனக்கு அதைவிட மோசம். மேலே என்ன பூசினாலும் அடியில் இருப்பதைப் படிக்கிற கண்ணுக்கு எதிரில் நான் தினமும் குனிந்து சோறு போட வேண்டும்.

வழி சொன்னது ஒலிமுகம்மது பேட்டையிலிருந்து கூடையில் மருதாணி இலை கொண்டுவந்து விற்கும் அம்மாள். என் தலையை ஒரு பார்வை பார்த்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. வெறும் மருதாணி போட்டால் சேவல் கொண்டை மாதிரி ஆகிவிடும், மறுநாள் அதன்மேல் அவுரி இலைப் பொடியைப் போடு, கறுத்துவிடும் என்றாள். மருதாணியை டீத் தண்ணீர் விட்டு அரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, இரும்பு வாணலியில் ஒரு ராத்திரி ஊறவைப்பேன். அவர் விடியற்காலையில் சாயப் பட்டறைக்குப் போனதும் தலையில் அப்பிக்கொள்வேன். மத்தியானம் அவர் சாப்பாட்டுக்கு வருவதற்குள் அலசிவிட வேண்டும். மறுநாள் அவுரியை வெந்நீரில் குழைத்து அதேபோல. மருதாணி வாசனைக்கு, உடம்புச் சூடு என்று சொல்லிவைத்திருந்தேன். அவரும் நம்பினார். உனக்குச் சூட்டு உடம்பு, மோர் நிறையக் குடி என்பார். மோர் குடித்துக் குடித்தே எனக்குச் சளி பிடித்தது.

மாதம் ஒரு முறை இது நடந்தது. ஒவ்வொரு முறையும் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் காதோரத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

பதினோராவது வருஷம் ஐப்பசி மழையில் அந்த அம்மாள் வரவில்லை. காஞ்சிபுரம் முழுக்க நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டும் அவுரி கிடைக்கவில்லை. அதற்கு முந்தின மாதமும் நான் காய்ச்சலில் படுத்து விட்டுவிட்டதால் வகிடு பளிச்சென்று வெளுத்திருந்தது. கையிலிருந்த காய்ந்த மருதாணியை மட்டும் போட்டேன். அலசிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், வகிடும் காதோரமும் கனகாம்பரப் பூ நிறத்தில் எரிகின்றன. திரும்ப அலசினேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். தோல் எரிந்ததே தவிர நிறம் அசையவில்லை. அதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது.

முற்றத்தில் மழைவிட்ட வெயில். முக்காடு போட்டுக்கொண்டு பரிமாறினேன். ரசம் ஊற்றும்போது முந்தானை நழுவி விழுந்தது. அவர் நிமிர்ந்து என் தலையை நேராகப் பார்த்தார். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். தாமல் பஸ் வந்து நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

"எண்ண வச்சிக்கினியா? நல்லா கருகருன்னு இருக்குது" என்றார். தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டார்.

தப்பித்தேனடா சாமி என்று தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். தேய்க்க உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் நடுவே நாலு மஞ்சள் சொல்லுகிற மனுஷன். வெயிலில், இரண்டு முழத்துக்குள், கனகாம்பர நிறத் தலையைப் பார்த்துக் கருகரு என்கிறாரே.

அன்றிலிருந்து பயம் அப்படியே புரண்டு படுத்தது. அதுவரை அவர் பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன். பிறகு, பார்க்கவில்லையே என்று பயந்தேன். கவனித்தபோது எல்லாம் கண்ணில் பட்டது. கூட வேலை செய்யும் ஆளிடம் நூலைக் காட்டி, இது என்ன நிறம் சொல் பார்க்கலாம் என்று பரீட்சை வைப்பதுபோலக் கேட்பார். அவன் சொன்னதைத் தானும் சொல்லுவார். படியில் கால் வைக்குமுன் சுவரைத் தொடுவார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. மறைக்கிறார். மறைக்கிறவர்களின் சாமர்த்தியம் எனக்குத் தெரியாதா? அதில் நான் பதினோரு வருஷம் பழுத்தவள்.

ஒரு முகூர்த்தப் புடவைக்கு அரக்கு நூல் கேட்டவர்கள், இது அரக்கே இல்லை, காபிக்கொட்டை என்று திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் நூல் சரியில்லை என்று கத்தினார். கண்ணை டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள் என்றேன். என் கண்ணுக்கு என்ன குறை என்று என்மேலும் பாய்ந்தார். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. என் தலை என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரியவில்லையே என்று சொல்ல வேண்டும். சொன்னால் நரையைச் சொல்ல வேண்டும். நரையைச் சொன்னால் வயது வரும். வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிவிட்டேன்.

கோழைக்குத் தெரிந்த வழி ஒன்று செய்தேன். மருதாணி விற்கும் அம்மாள் தை மாதம் அவுரியோடு வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாதாமாதம் வெறும் மருதாணியையே போட்டுக்கொண்டேன். அவர் சாப்பிட வரும் நேரத்தில் முற்றத்து வெயிலில் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்தேன். வெயிலைக் கண்டு ஓடிய நான்தான்! அவராகவே பார்க்கட்டும், திட்டட்டும், அடித்தாலும் அடிக்கட்டும் என்று இருந்தது. தெருவே என் தலையைப் பார்த்துச் சிரித்தது. அவர் மட்டும், நல்லா உலர்த்து, சளி பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

சித்திரையில் கொப்பரை விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கையை வைத்துவிட்டார். கொதிக்கும் சாயத் தண்ணீர் முழங்கை வரை கொட்டிவிட்டது. கொப்புளத்தைப் பார்த்தபோது, இது நான் ஊற்றியது என்றுதான் பட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கை வெந்திருக்காது. மருந்து போட்ட டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டிலும் புரை, வருஷக்கணக்காக நெருப்புக்கு எதிரில் நின்றதாலும் இருக்கலாம், மதராஸுக்குப் போய் ஆபரேஷன் செய்யுங்கள் என்றார். நான் சொல்லாமலே கண் விஷயம் வெளியே வந்துவிட்டதே என்று அப்போதும் கொஞ்சம் ஆறுதல்பட்டேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

கை ஆறி, மதராஸ் கண்ணாஸ்பத்திரியில் இடம் கிடைத்து, முதல் கண்ணை அறுத்துக் கட்டுப் போட்டு, எல்லாமாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நான் மருதாணி தொடவில்லை. வகிட்டில் ஒரு விரற்கடைக்கு வெள்ளை. கட்டவிழ்க்கும் அன்று முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டேன். கண் தெரிய வேண்டும் என்று வேண்டினேன். தெரிந்தால் என் கதி என்ன என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்தேன்.

டாக்டர் கட்டை எடுத்துத் தடித்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கண்ணாடியை மாட்டிவிடக் குனிந்தேன். ஆஸ்பத்திரி ஜன்னல் வெயில் என் தலைமேல் விழுந்தது. முக்காடு எப்போது நழுவியது என்று தெரியவில்லை.

அவர் முகம் வெளிறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு போச்சுடி" என்றார். "உன் தல ஆரஞ்சா தெரியுது. வகிடு வெள்ளையா தெரியுது. கருப்ப காணோம். நெறமெல்லாம் பொய்யா தெரியுது. இனிமே நான் கொப்பரைய எறக்கிட வேண்டியதுதான்."

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பன்னிரண்டு வருஷம் எனக்குள் கிடந்த பயம் அவர் வாயிலிருந்து பேசியது மாதிரி இருந்தது. பேசாமல் இருந்தால் என் வயது பிழைக்கும். அவர் தொழில் செத்துவிடும்.

"கண்ணு சரியாத்தான் இருக்குதுங்க" என்றேன். "பொய் கண்ணுல இல்ல. என் தலையில."

அவர் என் தலையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். முடியை வகிட்டிலிருந்து நுனிவரை விரல்களால் பிரித்து, நூலைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வகிட்டில் இருப்பது சாயமே படாதது என்றார். அதற்குக் கீழே வெறும் மருதாணி, அரை வருஷம் இருக்கும் என்றார். அதற்குக் கீழே மருதாணிமேல் அவுரி, அது நன்றாக ஏறியிருக்கிறது என்றார். ஒன்றுகூடத் தப்பவில்லை. கண் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகை வந்தது, அடுத்த கேள்வியை நினைத்துப் பயமும் வந்தது.

எத்தனை வருஷமாக என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். இருபத்தேழு வயதிலா நரை என்று மனசுக்குள் கழித்துப் பார்த்திருப்பார். உதடு அசைந்தது.

"அப்போ வயசு?" என்றார். "அதுவும் சாயந்தானா?"

"ஆமாங்க" என்றேன். "மூணு வருசம். நான் உங்களவிட ஒரு வயசு பெரியவ."

அடுத்த கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவர் கை என் வகிட்டின்மேல், அந்த வெள்ளைமேல் இருந்தது. அதை எடுத்துவிடுவாரோ என்று பயந்து, நான் அசையாமல் குனிந்தபடியே இருந்தேன்.