பட்டுக் கரையில் எட்டு கார்வெட்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரே ஒரு முறை லைசென்ஸ் எடுக்கப் போனேன். பின்பக்கமாக எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அந்த மைதானத்து வேப்பமரம் இன்றைக்கும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. அதற்கப்புறம் பஸ்ஸிலும் பிறர் வண்டியின் பின்சீட்டிலுமாக வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்பேர்ப்பட்ட ஆளிடம்தான் ஓர் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் பரம்பரையைப் பட்டில் இறக்கும் வேலை வந்து சேர்ந்தது.

என் தொழில் புடவைக்கு டிசைன் போடுவது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடியறை, ஒரு கம்ப்யூட்டர், திரை முழுக்கக் கட்டம். கட்டங்களை நிரப்பி மயிலோ அன்னமோ யாளியோ செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால், தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பெட்டி அதைப் படித்து இழைகளைத் தூக்கிவிடும். மயிலில் நான் கெட்டிக்காரன். தப்பாகப் போட்டாலும் மயில் வந்து சண்டை போடாது.

கார் கேட்டவர் சண்டை போடுவார். அவர் எங்கள் ஊர்க்காரர்தான், பொறியியல் படிக்கப் போன அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். மகளுக்குக் கல்யாணம், வரவேற்பு இங்கே. அன்றைக்கு அவள் கட்டும் புடவையின் கீழ்க்கரையில் கார்வெட்டின் எட்டுத் தலைமுறையும் ஓட வேண்டும் என்றார். மூன்றாம் தலைமுறை வண்டி ஒன்று அவர் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கு அடியில் படுத்திருப்பாராம். "எங்கம்மா செத்தப்பகூட நான் இவ்ளோ நேரம் தரையில படுக்கலபா" என்று வீடியோவில் சிரித்தார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் பாதி சிரித்து வைத்தேன்.

ஒரு வண்டிக்குக் கரையில் கிடைத்தது உள்ளங்கை அகலம்தான். அதற்குள் முதல் தலைமுறையின் கொழுகொழு உடம்பைப் போட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "கோயில் இட்லியை நீளவாக்குல அறுத்தாப்பல இருக்குது" என்றாள். இரண்டாவது சுறா மாதிரி கூர்ந்த மூக்கு. மூன்றாவதற்குச் சோடா பாட்டில் இடுப்பு. ஒரு கட்டம் ஏற்றினால் ஆமை, ஒரு கட்டம் இறக்கினால் செருப்பு. நான்காவது சீவிவிட்ட ஆப்பு. ஐந்தாவது மறுபடி பூசினாற்போல் வளைந்துகொண்டது.

அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"இன்னாபா, ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ஹெட்லைட் போட்டு வெச்சிருக்கே?"

"வண்டின்னா கண்ணு வேணாமா சார்?"

"இந்த நாலும் கண்ணை மூடிக்கினுதான்பா இருக்கும். சுவிட்ச் போட்டாதான் தொறக்கும். ஆறாவதுலதான் கண்ணு வெளியவே நிக்குது."

கோயில் வாகனம் எதையும் கண் திறந்துதான் பார்த்திருக்கிறேன். நான்கு வண்டிகளின் கண்ணை நானே கட்டம் கட்டமாக அழித்தேன். ஆறும் ஏழும் எப்படியோ தப்பித்தன. எட்டாவதற்குப் பழக்க தோஷத்தில் நீள மூக்கு வைத்துவிட்டேன். "இத்தனை தலைமுறையா முன்னாடி இருந்த இன்ஜினை இதுல டிரைவர் முதுகுக்குப் பின்னாடி கொண்டு போயிட்டாங்கபா. மூக்கை நறுக்கு, சீட்டை முன்னாடி தள்ளு" என்றார். நறுக்கினேன், தள்ளினேன். ஒவ்வொரு வண்டியாகத் தனித்தனிப் படத்தில் அவர் சரி சொன்னார். எட்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, காட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எட்டு வண்டியையும் ஒரு தொகுதியாகக் கோத்து, அது கரை நெடுகத் திரும்பத் திரும்ப வரும்படி செய்து, ஒவ்வொரு தொகுதிக்கும் நடுவே ஒரு சின்னக் கோபுரம் வைத்துப் பென் டிரைவில் ஏற்றினேன்.

நெய்தது நாலு தெரு தள்ளி இருக்கும் ஓர் அக்கா. கை வேகம், வாய் அதைவிட வேகம். உடலும் கரையும் பெரும்பாலும் முடிந்து முந்தி மட்டும் பாக்கி என்று இருந்தபோது, நெய்ததைச் சுற்றி வைக்கும் தறி மரத்தைத் தளர்த்தி, துணியை விரித்துப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். காலைக் காபியோடு அதை மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்புறம் இன்னும் பெரிதாக்கினாள்.

"ஏங்க, இந்த வண்டி போகப் போகப் பழசாகுதே, அது இன்னா கணக்கு?"

"பழசாகுதா?"

"இந்தாண்ட மூக்கறுத்த புது வண்டி. பக்கத்துல அதைவிடப் பழசு. அப்படியே போயி கடைசில இட்லி ஆயிடுது."

நான் நிதானமாக விளக்கினேன். எட்டு வண்டியும் வலது பக்கம் பார்த்து ஓடுகின்றன. புறப்பாட்டில் பிள்ளையார்தானே முன்னால் போவார்? அதுபோல முதலில் பிறந்த வண்டியை முன்னால் விட்டிருக்கிறேன். அது வலது ஓரத்தில் போகிறது, மற்றவை வயதுப்படி பின்னால் வருகின்றன. காஞ்சிபுரத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இப்படித்தான் அடுக்கும்.

"நீங்க சாமி ஊர்வலம் உட்டுட்டீங்க," என்றாள். "அந்த அமெரிக்கா சாரு இடது பக்கத்துலேர்ந்து வளர்ச்சி பார்ப்பாரு. அவருக்கு இது எப்படித் தெரியும்? வண்டி தேஞ்சிக்கினே போறாப்பல தெரியும்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். ஹெட்லைட்டுக்கே அமெரிக்காவிலிருந்து போன் போட்ட மனிதர். முழுப் பரம்பரையையும் தலைகீழாக ஓட்டியிருக்கிறேன் என்றால் விமானத்திலிருந்தே குதிப்பார். அவர் மறுநாள்தான் ஊருக்கு வருகிறார். வந்ததும் தறியைத்தான் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.

கம்ப்யூட்டரில் என்றால் ஒரே பொத்தான், இடது வலமாகிவிடும். நெய்ததற்கு அந்தப் பொத்தான் கிடையாது. பிரித்தால் பட்டு பிசிறும், ஜரிகை நெளியும். மிச்சத்தை மட்டும் திருப்பிப் போடலாமா என்றும் ஒரு நிமிடம் யோசித்தேன். அப்படிச் செய்தால் நெய்த வண்டி ஒரு பக்கமும் நெய்யப் போகிற வண்டி எதிர்ப்பக்கமும் வந்து, கல்யாணப் பெண்ணின் தோளருகே எங்காவது நேருக்கு நேர் மோதும். அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே தறியில் குறுக்கே ஓடும் நாடாவின் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் சத்தம் நின்றது.

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

"டிசைனரே, நீ குடுத்ததைத்தானே நான் நெய்துக்கினு வரேன்? இப்ப வந்து தலைகீழுன்னா? இதை அறுத்துட்டு வேற பாவு நூல் பூட்டி ஆரம்பிச்சா, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சு புள்ளையே பொறந்துடும்."

"அவருக்குத் தெரியாமப் போயிடலாம்கா. நெய்த துணி மரத்துல சுத்திக்கினுதானே இருக்குது? ஒரு முழம்தான் வெளிய தெரியும்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணத்தன்னிக்கும் மரத்தோட சேத்துக் கட்டிக்கச் சொல்லட்டுமா?"

நான் தறிக்குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நாளைக்கு நீதான் சொல்லணும். அவரு வேணாம்னு சொல்லிட்டா இந்தப் பொடவை என் தலையில. கார் படம் போட்டதை இந்த ஊர்ல வேற யாரு கட்டுவாங்க? பஸ்ல வர்றவங்க எங்கன்னா பார்த்து, காருன்னு நெனச்சு ஏறி உக்காந்துக்குவாங்க." சொன்ன வேகத்தில் அவரே சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. விரலால் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தத் தடவல்தான் திட்டைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏறக்குறைய முழுசாக நெய்த புடவை ஒன்று என்னால் வீணாகப் போகிறது. கல்யாணப் பெண்ணுக்கு வேறு புடவையும் இல்லை, நேரமும் இல்லை.

மறுநாள் நான் முன்கூட்டியே போய்விட்டேன். பேச வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். 'சார், ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பித்தால் பெரிய விஷயம் என்று தெரிந்துவிடும். 'சார், நல்ல சேதி' என்றால் பொய். கடைசியில் அவர் காரை விட்டு இறங்கி, தூக்கம் இல்லாத சிவந்த கண்ணோடு, செருப்பை ஒன்று இங்கே ஒன்று அங்கே கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது, ஒத்திகை எல்லாம் ஓடிவிட்டது.

"முதல் வண்டி எங்கபா?" என்றார். அதுதான் அவர் வணக்கம்.

"முன்னாடி போகுது சார். அதான் சிக்கல்" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். ஊர்வலம், பிள்ளையார், வலது, இடது, இட்லி. எதற்காக இட்லியைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் நேராகத் தறியருகே போனார். அக்கா மரத்தைத் தளர்த்தி ஒரு தொகுதி முழுக்கத் தெரியும்படி துணியை விரித்தார். வந்தவர் குனிந்து, இடது ஓரத்தில் விரல் வைத்து, ஒவ்வொரு வண்டியாகத் தொட்டுக்கொண்டே போனார். எட்டு, ஏழு, ஆறு. கண் மூடியவை நான்கு. விரல் முதலாவதில் நின்றது. அதற்கப்புறம் கோபுரம். அவர் முகம் கோபப்படவில்லை, தொங்கிப்போனது. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நாற்பது வயசுல இருந்தவன் தவழ்ற மாதிரி இருக்குதேபா" என்றார் மெல்ல.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த நாடாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு கிட்டயே கேட்டுடறேன்" என்று பெண்ணின் அப்பா போனை எடுத்தார். மகள் ஏதோ அழகு நிலையத்தில் முகத்தில் எதையோ பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கரையைக் காட்டி, அது ஏன் தப்பு என்பதை என்னைவிட நீளமாக விளக்கினார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"அப்பா," என்றாள் அவள், உதடு அதிகம் அசையாமல். "ஸேரியை யாராவது ஃபிளாட்டா கட்டுவாங்களா? பாதி உள்ள சுத்திடும். மீதி ப்ளீட்ஸ்ல போயிடும். வெளிய ஒண்ணு ரெண்டு கார்தான் தெரியும். யாருப்பா ஆர்டர் பார்க்கப் போறாங்க?"

அவர் போனையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கு ஓகேவாடா?"

"சூப்பரா இருக்குப்பா. ஃபேஸ் காயுது, வைக்கறேன்."

அக்கா வெடித்துச் சிரித்தார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது போலச் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேக்கா? தினம் கட்டறவங்கதானே?" என்றேன்.

"துணி வீணாகுதேன்னு நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு இருக்கேன். கட்டறதைப் பத்தி யாருக்குபா நெனப்பு வந்துது?" தினமும் புடவை கட்டும் என் மனைவிக்கும் வரவில்லை. கரையை எல்லோரும் ரோடாகவே பார்த்திருக்கிறோம்.

புடவை தப்பித்தது. என் உயிர் உடம்புக்குத் திரும்பி ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தது. ஆனால் அவர் உட்காரவில்லை. துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு ரெண்டுதான் தெரியும்னா, எதுபா தெரியும்?"

"அது கட்டி உடறவங்க கையில இருக்குது சார்" என்றார் அக்கா.

"மூணாவது வருமா? என் ஷெட்டுல நிக்குற வண்டி?"

யாருக்கும் தெரியவில்லை. அவருக்கோ தெரியாமல் அந்த இடத்தை விட்டு நகர முடியாது என்பது நன்றாகத் தெரிந்தது. அக்கா உள்ளே போய்த் துவைத்த நூல் புடவை ஒன்றைக் கொண்டுவந்தார். தறித் துணியின் அளவுக்கு உள்ளங்கை உள்ளங்கையாக அதன் ஓரத்தில் சாக்பீஸால் எண் போட்டார்: எட்டு, ஏழு, ஆறு என்று, கோபுரத்துக்கு ஒரு கோடு. போட்டு முடித்ததும் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நானா?"

"வேற யாரு? சாரா?"

பேன்ட்டுக்கு மேலேயே சுற்றினார்கள். அக்கா கொசுவம் மடித்துச் செருக, பொறியியல் படித்த மனிதர் என் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்தார். வாசலில் தண்ணீர் கேன் போட வந்தவர் போடாமல் நின்றார்.

"ஆறுபா," என்றார் அவர் கீழேயிருந்து. "மறுபடி மடிங்கமா."

மறுபடி மடித்தார்கள். இந்த முறை கோடு வந்தது.

"பொண்ணு இடுப்பு இவரு இடுப்புல பாதிகூட இருக்காதே சார்" என்றார் அக்கா.

"அவளுக்கு மடிப்பு கூட ஒண்ணு வெச்சா சரியாயிடும். முதல்ல இவருக்கு வருதான்னு பார்ப்போம். தம்பி, வயித்தை உள்ள இழு."

இழுத்தேன்.

"இன்னும்."

மதியம் சாப்பிடாத நேற்றைய நாள் அப்போதுதான் எனக்கு ஓரளவு உதவியது. அக்கா ஒரு மடிப்பை இறுக்கிச் செருகினார். வெளி மடிப்பில், சாக்பீஸ் கொஞ்சம் கலைந்து, மூன்று வந்து நின்றது.

"வந்துடுச்சி! விடாதபா, விடாத, அப்படியே இரு!" என்று அவர் மடிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, படம் எடுக்க இன்னொரு கையால் போனைத் தேடினார். சட்டைப் பையில் இல்லை. அந்தப் பக்கப் பேன்ட் பையில் இருந்தது. அந்தப் பக்கக் கைதான் மடிப்பைப் பிடித்திருந்தது. சரி என்று சொல்லக்கூட எனக்கு மூச்சு தேவைப்பட்டது, அதனால் சொல்லவில்லை. அக்கா முந்தியை ஆரம்பிக்கத் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார்.